முள்கரண்டி இடது கையில்

"மாப்ள, இதுல எது எந்தக் கை?"

போன வியாழக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே மச்சான் கேட்டார். ஒரு கையில் கத்தி. இன்னொரு கையில் முள்கரண்டி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மச்சான் என்றால் என் மனைவி செல்வியின் அண்ணன். பெயர் தங்கபாண்டி. ஐம்பத்தாறு வயது. காளவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டாரோ, கிரைண்டரோ, மேஜை விசிறியோ... எது எரிந்துபோய் வந்தாலும் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்பிவிடுவார். கத்தியோடு அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிற ஆள் இல்லை.

"முதல்ல உள்ள வாங்க மச்சான். என்ன இது?"

"புதுவீடு புகுந்தப்ப யாரோ வச்சுக்குடுத்த செட்டு. பெட்டிய இன்னைக்குத்தேன் பிரிச்சேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள இதக் கத்துக்குடுத்துருங்க. நீங்கதேன் பெங்களூர்ல இருந்தவரு."

உண்மைதான். இளவயதில் நாலு வருஷம் பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து கத்தி - முள்கரண்டிப் பழக்கம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் அந்தப் பெருமையைக் காட்ட தோசையைக் கத்தியால் வெட்டினேன். வீடே சிரித்தது. அதிகம் சிரித்தவர் யார் என்று சொல்ல வேண்டுமா? அதே மச்சான்தான் இப்போது மாணவராக வந்து நிற்கிறார்.

காரணம் இருந்தது.

மச்சானுக்கு ஒரே மகள், மது. சென்னையில் சாப்ட்வேர் வேலை. கூட வேலை பார்க்கும் அருண் என்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். யாரும் குதிக்கவில்லை. அருணின் அப்பா ராஜசேகரன் முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர். ரிடையரான பிறகு குன்னூரில் வீடு. போன மாதம் நாங்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல பையன். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். மச்சான் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு தோட்டமெல்லாம் சுற்றினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... சாப்பாட்டு மேஜை வரைக்கும்.

"எனக்கு வேணாம்மா. வயிறு சரியில்ல" என்றுவிட்டார் மச்சான். ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் குடித்தார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மேஜை ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண வயிற்றுவலி. நமக்கு? சம்பந்தம் பேசப் போன வீட்டில் பிடித்திருந்தால்தான் நாம் கை நனைப்போம். பிடிக்கவில்லையா... காபியோடு எழுந்துவிடுவோம். 'வேண்டாம்' என்று வாயால் சொல்கிற சங்கடமே கிடையாது. பெண்ணைப் பெற்றவர் அந்த வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இறங்கினால் அதுவே பதில். ராஜசேகரன் எவ்வளவுதான் கிளப்பும் கோல்பும் பழகினவராக இருந்தாலும், தமிழ்நாட்டுக்காரர்தானே. அவருக்குப் புரியாமல் இருக்குமா?

புரிந்தது. தப்பாகப் புரிந்தது. அருண் மதுவிடம் கேட்டான். மது அப்பாவிடம் கேட்டாள்.

"எனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குத்தா" என்றார் மச்சான்.

"பின்ன ஏம்ப்பா சாப்பிடல?"

அதற்கு, 'கடையில ஆளு நிக்குது' என்று போனை வைத்துவிட்டார். புதன்கிழமை மது போனில் செல்வியிடம் அழுதிருக்கிறாள். "எனக்காக வாயில மட்டும் சரிங்கிறாரு அத்தை. மனசுல இல்ல. புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லட்டும்... நான் அருண்கிட்டச் சொல்லி இதோட நிறுத்திடுறேன்."

இந்த நேரத்தில்தான் ராஜசேகரனிடமிருந்து அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகரைக் கும்பிட வருகிறார்கள். மத்தியானம் அழகர்கோவில் ரோட்டில் அவர்கள் தங்கப்போகிற ஓட்டலிலேயே எல்லோருக்கும் விருந்து. வாருங்கள் என்று நயமாகச் சொன்னாலும், அது இரண்டாவது வாய்ப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது ஒன்று இருக்காது.

"அவுக வீட்ல தோசையவே கத்தியால வெட்டித்தேன் சாப்புடுறாக மாப்ள. ஓட்டல்லயும் அப்படித்தேன் இருக்கும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எது எந்தக் கை?"

"முள்கரண்டி இடது கை. கத்தி வலது கை."

"சத்தியமாவா?"

"இதுல என்ன சத்தியம்? ஊரு ஒலகமே அப்படித்தான் பிடிக்குது."

"வாய்க்கு எதுல கொண்டுபோறது?"

"முள்கரண்டியில. கத்தி வாய்ப்பக்கமே போகக்கூடாது."

"அப்ப... பீச்சாங்கையாலதேன் வாயில வைக்கணும்?"

"ஆமா."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்டு வந்ததும் மெல்ல வேகம் பிடிக்குமே மோட்டார், அப்படி ஒரு தெளிவு அந்த முகத்தில் ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குன்னூரில் வயிறு சரியில்லை என்றவர், மதுரையில் ஒரு முள்கரண்டிக்கு ஏன் இப்படிப் பறக்கிறார்?

செல்வி கனமாக ஊத்தப்பம் வார்த்தாள். ஒரு ஆம்லெட் போட்டாள். வகுப்பு ஆரம்பமானது.

"முழங்கை மேஜையில படக்கூடாது."

"சரி."

"முள்ளு கீழே பார்த்த மாதிரி பிடிக்கணும். ஆள்காட்டி விரல் மேலே. துண்டைக் குத்தி நிறுத்தி, அதுக்குப் பக்கத்துல கத்தியை வச்சு அறுக்கணும். ஒரு வாய்க்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வெட்டணும். மொத்தத்தையும் முதல்லயே துண்டு போட்டு வச்சுக்கக்கூடாது."

"சரி."

"தட்டுல கிறீச்சுன்னு சத்தம் வரக்கூடாது. கத்தியை ஆட்டிக்கிட்டுப் பேசக்கூடாது."

"கைய ஆட்டாம எப்படி மாப்ள பேசுறது? நம்மூர்ல கையக் கட்டிப்புட்டா பாதிப்பேரு ஊமை."

"சிக்கன் வந்தா கறியை மட்டும் கத்தியால பிரிச்சு எடுக்கணும். எலும்பைத் தட்டுல விட்டுடணும்."

"கடிக்கக்கூடாதா?"

"கூடாது."

"உறியவும்?"

"மச்சான்..."

"பாவம் அந்தக் கோழி. அது செத்ததுக்கு ஒரு மருவாதியே இல்லாமப் போச்சே!"

அடுப்படியில் செல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை. தட்டில் கத்தியும் முள்கரண்டியும் விலகிப் படுத்திருந்தால் 'இன்னும் சாப்பிடுகிறேன்' என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டால் 'முடிந்தது'. சர்வர் வந்து தட்டை எடுத்துப் போய்விடுவார் என்றேன்.

"கேக்க மாட்டாரா?"

"கேட்க மாட்டார்."

"அட! நம்ம பந்தியில 'போதும் போதும்'னு இலையில படுத்து மறிச்சாலும் விடமாட்டோம். அங்க ஒரு வார்த்தை கேக்காமலே எடுத்துருவாகளா? நல்ல நாகரிகம்யா."

செய்து காட்டுவதற்காக நான் ஆம்லெட்டில் ஒரு துண்டை வெட்டினேன். வெட்டுவது சுலபம். அதை இடது கையால் வாய்வரை கொண்டுபோவதில்தான் கஷ்டம். பழக்கம் விட்டுப் போயிருந்தது. பாதி வழியில் துண்டு நழுவி என் வேட்டியில் விழுந்தது.

மச்சான் வெட்டினார். குத்தினார். வாயில் வைத்தார்.

ஒரு துணுக்குச் சிந்தவில்லை.

அடுத்த வாய். அதற்கடுத்தது. முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரே கோட்டில் போய் வந்தது, தறியில் நாடா ஓடுகிற மாதிரி. நாலு வருஷம் பெங்களூரில் நான் பார்த்த எந்த சூட்டுக்காரரும் அப்படிச் சாப்பிட்டதில்லை. ஊத்தப்பத்தின் வெங்காயத்தைக்கூட ஒன்று ஒன்றாகக் குத்தி எடுத்தார்.

"எங்க பழகினீங்க மச்சான்?"

அடுப்படி வாசலில் தோசைக்கரண்டியோடு செல்வி நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"அண்ணே... நீ பீச்சாங்கைக்காரனா?"

மச்சான் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். விலக்கி வைக்கவும் இல்லை, சேர்த்து வைக்கவும் இல்லை.

"நீ அப்ப பொறக்கவே இல்ல புள்ள" என்றார்.

எட்டு வயதிருக்கும்போது நடந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த பையன் கை போன போக்கில் இடது கையால் அள்ளிச் சாப்பிட்டிருக்கிறான்.

"பக்கத்துல மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுசன் ஒருத்தரு. பாதி இலையில எந்திரிச்சுட்டாரு. 'இந்தக் கைக்குப் பக்கத்துல உக்காந்து எப்படிய்யா திங்கிறது'ன்னு. எங்கப்பா என்னய அங்கனயே வச்சு அடிச்சாரு. அம்புட்டுப் பேரும் பாக்க."

"அப்புறம்?" என்றேன். வேறென்ன கேட்பது?

"அப்புறம் என்ன. சோத்தாங்கைக்கு மாத்துனாக. எழுத வந்துருச்சு. ஸ்பேனருக்கு ரெண்டு கையும் வந்துருச்சு. சோறு மட்டும் வரல மாப்ள. பிசைஞ்சா சிந்தும். ரசம் முழங்கை வரைக்கும் ஓடும். 'என்னடா, பச்சப்புள்ள கணக்காத் திங்கிற'ன்னு நாலு பேரு சிரிப்பாக. ஒரு கல்யாணத்துல பரிமாற ஆள் பத்தலன்னாக. நான் சாம்பார் வாளியத் தூக்குனேன். அன்னைக்கு ஒருத்தருமே என்னய உக்காரச் சொல்லல. அதோட அந்த வாளியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."



எங்கள் சொந்தத்தில் கல்யாணமா, காதுகுத்தா, கெடா வெட்டா... பந்திக்குப் பொறுப்பு மச்சான்தான். 'தங்கபாண்டி நின்னா சாப்பாட்டுக் கவலை இல்ல' என்பார்கள். வாளியோடு அவர் வரிசையில் வருவதே ஒரு அழகு. யாருக்கு எலும்பில்லாத கறி, எந்தப் பெரியவருக்குக் காரம் ஆகாது, எந்தக் குழந்தை அப்பளத்துக்கு அழுகிறது... எல்லாம் தெரியும். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. 'ஊருக்கெல்லாம் போட்டுட்டுக் கடைசியாத்தேன் சாப்புடுவான், அப்படி ஒரு மனசு அவனுக்கு' என்று பெருமையாகச் சொல்வோம். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

நாம் ஒருவரைப் பாராட்டுகிற இடத்துக்கு அடியில் சில நேரம் அவருடைய காயம்தான் இருக்கிறது. அதன்மேல் மாலை போட்டுவிட்டு நகர்ந்துபோய்விடுகிறோம்.

"குன்னூர்ல அவுக வீட்டு மேசையப் பாத்ததும் எனக்குக் கையி வேர்த்துப்போச்சு" என்றார் மச்சான். "புது எடம். புது மனுசங்க. சிந்திச் சிதறி எம்புள்ள மானத்த வாங்கவான்னு வயித்தச் சாக்குச் சொல்லிட்டேன். ஆனா சும்மா உக்காந்து பாத்தேன்ல... அந்த ராஜசேகரன் சார், முள்ளுக்கரண்டியப் பீச்சாங்கையில புடிச்சு, அந்தக் கையாலயே வாயில வச்சாரு. ஒவ்வொரு வாயும். யாரும் எந்திரிச்சுப் போகல. யாரும் ஒண்ணும் சொல்லல. அன்னையிலேருந்து எனக்கு அதே நெனப்பு. நம்ம ஊர்ல பாவமா இருக்குறது அவுக மேசையில மரியாதையா இருக்கே மாப்ள!"

"மதுகிட்டச் சொல்லிடலாமே மச்சான். இவ்வளவுதான் விஷயம்னு."

"ஜோதிக்குத் தெரியும்." ஜோதி அவர் மனைவி. "புள்ளைக்குத் தெரியாது. வீட்லயும் எல்லாரும் சாப்புட்ட பெறகுதேன நான் உக்காருவேன். அவ காலேஜ் படிக்கையில, நான் பந்தி விசாரிக்கிறத வீடியோ எடுத்து ப்ரண்டுகளுக்கெல்லாம் அனுப்புவா. 'எங்கப்பாவப் பாரு'ன்னு. அதப் போய் எப்படிக் கெடுக்கிறது? வேணாம். ஞாயித்துக்கெழம இந்த முள்ளுக்கரண்டியில நாலு வாய் தின்னுட்டேன்னா... அம்புட்டுத்தேன். அவுகளுக்கும் சந்தேகம் தீந்துரும். எம்புள்ளைக்கும் தீந்துரும்."

வெள்ளி, சனி இரண்டு நாளும் கடையை மதியம் பூட்டிவிட்டு வந்தார். மீன், சிக்கன், வேகவைத்த உருளைக்கிழங்கு. செல்வி எதையும் கேட்காமல் சமைத்துப் போட்டாள். அண்ணன் சாப்பிடுகிற வரையில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மச்சான் புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மது முந்தின நாளே சென்னையிலிருந்து வந்திருந்தாள். அப்பாவோடு அதிகம் பேசவில்லை. ஓட்டலில் தனி அறை, நீள மேஜை, வெள்ளை விரிப்பு. ஒவ்வொருவர் முன்னாலும் பளபளவென்று கத்தியும் முள்கரண்டியும். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

முதலில் சூப். பிறகு எண்ணெயில்லாமல் சுட்ட மீன், எலுமிச்சைத் துண்டோடு. ஒரு நிமிடம் யாரும் ஆரம்பிக்கவில்லை. மேஜையில் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில். ராஜசேகரனின் மனைவி சாந்தி, மேலுக்கு அழகர்கோவில் தோசையைப் பற்றிப் பேசிக்கொண்டே மச்சானின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் துணியை மடியில் விரித்தார். இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி. மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் பிரித்து ஓரமாக வைத்தார். ஒரு துண்டு. வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு துண்டு.

ராஜசேகரன் தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார்... எங்க கிளப்ல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். இவ்வளவு நேர்த்தியா முள்கரண்டியைப் பிடிச்சு ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. எங்கே பழகினீங்க?"

"சும்மா... வீட்லதேங்க."

மது அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டியே கிடந்த பக்கத்து வீடு திடீரென்று திறந்திருந்தால் பார்ப்போமே, அந்த மாதிரி. ஜோதி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை மறைத்தார். வாத்தியாரான நான்? யாரும் பார்க்காத நேரத்தில் முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். எல்லாம் சுபம் என்று மனசுக்குள் மணியடித்துவிட்டேன்.

அப்போதுதான் ராஜசேகரன் சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதையெல்லாம் எடுத்துடுங்க. இலை போட்டுடலாம்."

இலையா?

"குன்னூர்ல உங்களைச் சாப்பிட வைக்காம அனுப்பினதுல சாந்திக்கு இன்னும் மனசு ஆறலை சார்" என்றார் மச்சானிடம். குரலில் அவ்வளவு அன்பு. "முள்கரண்டியில எவ்வளவு சாப்பிட்டாலும் கை எங்கே நனையுது? அதான் ஓட்டல்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி இலைச் சாப்பாடு செய்யச் சொல்லிட்டேன். நம்ம முறைப்படி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கை நனைச்சிடுவோம்."

பச்சையாக வாழையிலை வந்தது. சர்வர் தட்டை எடுத்தார். கத்தியை எடுத்தார். முள்கரண்டியை எடுக்கக் கை நீட்டியபோது மச்சான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் தம்பி."

சோறு விழுந்தது. மட்டன் குழம்பு விழுந்தது. சுக்கா, கோலா உருண்டை, ரத்தப் பொரியல்... மதுரைச் சாப்பாடு. எல்லோருடைய கையும் இலையில் இறங்கியது. ராஜசேகரன்கூட வாட்சைக் கழற்றிவிட்டு ஒரு பிடி பிசைந்தார்.

மச்சான் முள்கரண்டியால் சோற்றைக் குத்தினார்.

தட்டு தாங்கும். இலை தாங்குமா? முதல் குத்திலேயே நரம்போடு நரம்பாகக் கிழிந்தது. குழம்பு கிழிசலில் இறங்கி, வெள்ளை விரிப்பில் செம்மண் ஆறு மாதிரி ஓடியது. அவர் இன்னொரு பக்கம் குத்தினார். அங்கேயும் கிழிந்தது. நிறுத்தவில்லை.

சாந்தியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எல்லோருடைய விரலிலும் குழம்பு. ஒரே ஒரு மனுஷரின் கை மட்டும் காய்ந்து கிடக்கிறது. கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட முள்கரண்டி. கை நனைத்துவிடாமல் காத்துக்கொள்ள ஒரு ஆயுதம். வேறென்ன நினைப்பார்கள்? போன மாதம் நாசூக்காகச் சொன்னதை இந்த மாதம் முகத்துக்கு நேரே சொல்கிறார் என்றுதானே?

மது மிக மெதுவாகச் சொன்னாள். "அப்பா... புடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா. இப்படி வேணாம்."

மச்சான் மகளைப் பார்த்தார். எனக்கு அது ஒரு முழுக் கல்யாணப் பந்தி உட்கார்ந்து எழுகிற நேரமாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். செல்வி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

முள்கரண்டியை வைத்தார்.

"புடிக்காம இல்லத்தா. புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு." பிறகு ராஜசேகரன் பக்கம் திரும்பினார். "சார், எனக்குச் சோத்தாங்கையில திங்க வராது. பீச்சாங்கைதேன் எனக்கு. சின்ன வயசுல ஒரு பந்தியில அடி வாங்கினேன். அதுலேருந்து நாலு பேருக்கு நடுவுல இலையில உக்காந்ததே இல்ல. வாளியத் தூக்கிக்கிட்டுத் தப்பிச்சுக்கிட்டே இருக்கேன். உங்க வீட்லயும் அதேன். வயித்துக்கு ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கங்க."



முதலில் பேசியது சாந்தி. "அன்னைக்கு இதுக்காகவா சாப்பிடலை?"

"ஆமாங்கம்மா."

"விடியக்காலையில எழுந்து நாட்டுக்கோழி வறுத்தேன் அண்ணா! நீங்க தொடவே இல்லைன்னதும் உப்புக் கூடிப்போச்சோ, உப்புக் கூடிப்போச்சோன்னு இவர்கிட்ட மூணு நாளா கேட்டுட்டு இருந்தேன்."

"மூணு நாளா?" என்றார் ராஜசேகரன். "இன்னைக்குக் காலையில கார்லயும் கேட்டியே!"

முதலில் சிரித்தது அருண். அப்புறம் ஜோதி. அப்புறம் யார் யார் என்று தெரியவில்லை. மச்சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"வேற இலை போடுப்பா" என்றார் ராஜசேகரன்.

புது இலையில் மறுபடியும் சோறு, மறுபடியும் குழம்பு. மச்சான் இடது கையை இலையில் வைத்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விநாடி என் கண் தானாகவே வேறு பக்கம் போனது. எல்லாம் தெரிந்த என் கண்! சாந்தியும் தன் இலையைப் பார்த்துக்கொண்டார். பழக்கம் கையில் மட்டுமா இருக்கிறது? பார்வையிலும் இருக்கிறது. கத்தியும் முள்கரண்டியும் நடுவில் இருந்தபோது எங்கள் யாருக்கும் அந்தக் கை உறுத்தவில்லை. ஒரு துண்டு இரும்பு கொடுத்த மரியாதையை வெறும் கைக்குக் கொடுக்க எங்களுக்கு அரை நிமிடம் தேவைப்பட்டது.

அரை நிமிடம்தான். சாந்தி நிமிர்ந்தார். "சுக்கா இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா அண்ணா?"

"வைங்கம்மா."

இடது கைக்காரருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் முழங்கையோடு முழங்கை இடிக்கும். அங்கே உட்கார்ந்திருந்தது மது. இடித்தது. அவள் நாற்காலியை நகர்த்தவில்லை. இரண்டு பேரும் இடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோற்றைக் குழி பறித்துக் குழம்பு வாங்கி, ஓரத்திலிருந்து மடித்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக... கம்பி சுற்றுகிற அதே விரல்கள். இரண்டாவது தடவை சோறு வாங்கினார். மூன்றாவது தடவை வாங்கினார். ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டு முழங்கைக்கு இறங்கவில்லை. எலும்பைக் கடித்தார். உறிந்தார். கடைசியில் மோருக்கும் ஒரு கரண்டிச் சோறு கேட்டார். ராஜசேகரன் கல்யாண மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். மச்சான் தலையாட்டினாரே தவிர, தலையை நிமிர்த்தவில்லை.

கை கழுவுகிற இடத்தில் மது என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமலே நின்றாள்.

"அப்பாவுக்கு இம்புட்டுப் பசிக்குமா மாமா?"

எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தைந்து வருஷமாக அவர் பரிமாறிச் சாப்பிட்டவன் நான். என் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.